மடங்கியது விரல் மட்டும்தான்

செப்டம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமை காலையில் லெபூசா தன் குதிரையிடம் ஒரு சபதம் செய்தார்.

“செத்தாலும் சரி, இந்த விரலை எந்த டாக்டர்கிட்டயும் காட்ட மாட்டேன். இந்தக் கையில ஊசி ஏறாது. ஏற விட மாட்டேன்.”

குதிரை மறுத்துப் பேசவில்லை. அந்த வீட்டில் லெபூசா சொன்னதை மறுத்துப் பேசாத ஒரே ஜீவன் அதுதான். முக்கியமான முடிவுகளையெல்லாம் அவர் லாயத்தில் வைத்தே எடுப்பதற்கு அதுதான் காரணம்.

லெபூசா யாரென்று லெசோத்தோ நாட்டு மலைப் பக்கம் கம்பளி வெட்டும் எந்தக் கொட்டகையில் கேட்டாலும் சொல்வார்கள். ஐம்பத்திரண்டு வயது. கைக் கத்திரியை எடுத்தார் என்றால் பொழுது சாய்வதற்குள் ஐம்பது செம்மறி ஆடுகள் சட்டையைக் கழற்றிப் போட்டதுபோல் ஓடும். ஒரு ஆட்டின் மேலும் ஒரு கீறல் இருக்காது. மாவட்டப் போட்டியில் மூன்று வருடமாக முதல் பரிசு அவருக்குத்தான்.

யாருக்கும் வளைந்து கொடுக்காத ஆள் என்றும் பெயர். கொட்டகைத் தலைவருக்கு வளைய மாட்டார். ஊர்த் தலைவருக்கு வளைய மாட்டார். பனி பெய்தால்கூட முதுகை நிமிர்த்திக்கொண்டுதான் நடப்பார். அப்பேர்ப்பட்டவரிடம் கடைசியில் வளைந்தது எது என்றால், வலது கை மோதிர விரல்.

வளைந்தது பரவாயில்லை. நிமிர மறுத்தது. அங்கேதான் வில்லங்கம்.

காலையில் கையை விரித்தால் நாலு விரல் எழுந்து நிற்கும். அது மட்டும் உள்ளங்கையைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கும். இடது கையால் பிடித்து இழுத்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம். விரல் நிமிரும். வலி முழங்கை வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பி வரும். உள்ளங்கையில், விரல் தொடங்கும் இடத்தில், பட்டாணி போல ஒன்று உருண்டது.

லெபூசா ரகசியமாக வைத்தியம் பார்த்தார். வெந்நீரில் முக்கினார். ஆட்டு வாலின் கொழுப்பை உருக்கித் தடவினார். யாரும் இல்லாத நேரத்தில் விரலைப் பார்த்து நன்றாகத் திட்டினார். விரல் எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. அவருடைய விரல் அல்லவா?

கொட்டகையில் தெரிந்தால் போட்டிப் பட்டியலிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள். அதனால், மலை ஆண்கள் பெருமையாகத் தோளில் போட்டுக்கொள்ளும் கம்பளிப் போர்வைக்குள் எந்நேரமும் கையை வைத்துக்கொண்டே திரிந்தார். யாராவது கை குலுக்க வந்தால், “கையெல்லாம் கொழுப்பு” என்று தலையை மட்டும் ஆட்டினார்.

ஆனால் டாக்டரிடம் போகாததற்குப் போட்டி மட்டும் காரணமில்லை. அவருக்கு செகாக்கே என்று ஒரு அண்ணன். எல்லைக்கு அந்தப் பக்கம் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். நசுங்கின ஒரு விரலைக் காட்டத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனான். விரல் இல்லாமல் திரும்பி வந்தான். அதன் பிறகு அவன் கத்திரியைத் தொடவே இல்லை. அப்போது லெபூசாவுக்குப் பத்தொன்பது வயது. அந்தக் கதையை அவர் யாரிடமும் பேசியதில்லை. குதிரையிடம்கூட.

அவர் மனைவி பெயர் மாதொகேலோ. மகள் தொகேலோ பிறந்த நாளிலிருந்து ‘தொகேலோவின் அம்மா’ என்ற அர்த்தத்தில் ஊரே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது. மகள் கல்யாணமாகி மலைக்குக் கீழே போய்விட்டாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். மாதொகேலோ கணவரோடு சண்டையே போட மாட்டாள். சண்டை என்று வந்துவிட்டால் அவர் ஜெயிப்பதற்குக் கொஞ்சம் வாய்ப்பு இருக்கிறது பாருங்கள்.

“தொகேலோ அப்பா, காலைல ‘டக்’குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சே, என்ன அது?”

“கதவு.”

“கதவு ‘ஐயோ’ன்னு கத்துமா?”

“பழைய கதவு.”

“சரி” என்று சொல்லிவிட்டு அவள் கீரை ஆயப் போய்விட்டாள். மனைவி ஒரு வார்த்தையில் விட்டுவிட்டாளே என்று லெபூசா சந்தோஷப்பட்டார். இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவர் பயந்திருக்க வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் வாசலில் பானை உருளும் சத்தம் கேட்டது.

“ஐயையோ! தொகேலோ அப்பா! என் விரலைப் பாருங்க!”

ஓடிப் போய்ப் பார்த்தார். வலது கை மோதிர விரல் மடங்கி இருந்தது. நாலு விரல் நேராக, ஒன்று மட்டும் கூனலாக. லெபூசாவுக்குக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் இருந்தது.

“நிமிர மாட்டேங்குதுங்க!”

லெபூசா குரலைத் தாழ்த்தினார். “காலைல எழுந்ததும்தானே இப்படி?”

“ஆமாங்க.”

“இழுத்தா ‘டக்’குன்னு விடுதா?”

“ஆமா.”

“உள்ளங்கைல பட்டாணி மாதிரி ஒண்ணு தட்டுப்படுதா?”

“அட, ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதா பின்ன? முப்பது வருஷமா ஆட்டு உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தவன் நான்.”

“ஆட்டுக்கு விரல் இருக்கா?”

“வலிக்கிற நேரத்துல என்ன எதிர்க் கேள்வி?” என்று அதட்டிவிட்டு லெபூசா நேராக லாயத்துக்குப் போனார். அவர் மூளை குதிரையைவிட வேகமாக ஓடியது.

“கேட்டுக்கோ” என்றார் குதிரையிடம். “அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். டாக்டர் அவளுக்குச் சொல்றதை நான் காது கொடுத்துக் கேட்டுக்கறேன். மாத்திரை கொடுத்தா பாதி எனக்கு. தைலம் கொடுத்தா பாதி எனக்கு. ஊசி கொடுத்தா முழுசும் அவளுக்கு!”

குதிரை தலையை ஆட்டியது. ஈ மொய்த்திருக்கலாம். லெபூசா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

மாதொகேலோ அவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கவில்லை.

“நான் வரலைங்க. ஊசி போடுவாங்க. எனக்குப் பயம்.”

“பயமா? என் பொண்டாட்டிக்குப் பயமா? வெளிய சொல்லாதே, மானம் போகுது!”

“டாக்டர் வியாழக்கிழமைதானே வருவாங்க? அதுவரைக்கும் இந்தக் கையால எப்படிங்க களி கிண்டறது?”

லெபூசா யோசித்தார். இவள் மனம் மாறிவிட்டால் தன் வைத்தியமும் போச்சு. “நான் கிண்டறேன்” என்றார்.

“தண்ணி?”

“நான் கொண்டு வரேன்.”

“சாணி அள்ளணும், துணி துவைக்கணும், அவரைச் செடிக்குக் களை எடுக்கணும்...”

“எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்! நீ அந்த விரலை மட்டும் பத்திரமாப் பாத்துக்கோ.”

மாதொகேலோ விரலை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தாள். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை.

மக்காச்சோளக் களி கிண்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது மாவோடு நடத்தும் மல்யுத்தம் என்று. லெபூசா இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்துச் சுழற்றினார். களி இறுகியது. அதோடு கரண்டியைப் பிடித்த விரலும் இறுகியது. கரண்டி பானையை விட்டு வந்தது. கையை விட்டு வரவில்லை. மனைவி பார்ப்பதற்குள் பிடுங்கிவிடலாம் என்று வீட்டுக்குப் பின்னால் ஓடினார். வேலிக்கு அந்தப் பக்கம் பகீசோ நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர். போன வருடப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவர்.

“என்னய்யா லெபூசா, கத்திரி பிடிக்கிற கையில கரண்டி?”

“சமைக்கறேன்.”

“சரி, கீழ வெச்சுட்டு வாயேன், பேசலாம்.”

“வைக்க மாட்டேன்.”

“ஏன்யா?”

“என் வீடு, என் கரண்டி, என் கை! வைக்கறதும் வைக்காததும் என் இஷ்டம்! உனக்கென்ன வந்துச்சு?”

பகீசோ அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய்விட்டார். கரண்டியைப் பிரித்தெடுக்க லெபூசாவுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. களி அடிபிடித்துவிட்டது. “நல்லாத்தான் இருக்கு” என்று மாதொகேலோ இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை மினிபஸ் பிடித்து, மூன்று கணவாய் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூடத்தில் முப்பது பேர் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். மாதொகேலோ திடீரென்று எழுந்தாள்.

“என்னால முடியாதுங்க. வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்.”

“உக்காரு!”

“ஊசி...”

லெபூசா எழுந்து நின்றார். போர்வையைத் தோளில் உதறிப் போட்டுக்கொண்டார். கையை மட்டும் வெளியே விடவில்லை.

“ஊசி! எவ்வளவு பெருசு அது? கம்பளிக் கத்திரி ஒண்ணரை முழம் இருக்கு, அதுக்கு நம்ம ஆடு பயப்படுதா? பேசாம படுத்துக்குதே! ஆட்டுக்கு இருக்கிற தைரியம் மனுஷனுக்கு வேண்டாமா? நான் சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கோங்க. ஊசிக்குப் பயந்து எந்த ஆம்பளையாவது இந்த வாசலைத் தாண்டி ஓடினா, அவன் போர்வையைக் கழட்டி இங்கேயே வெச்சுட்டு ஓடட்டும்!”

கூடம் கை தட்டியது. கண் ஆபரேஷனுக்கு வந்திருந்த ஒரு பெரியம்மா, “பேசினா இப்படிப் பேசணும்” என்றாள். மாதொகேலோ கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“லெபூசா!” என்று நர்ஸ் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். குடும்பத் தலைவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மனைவியை முன்னால் தள்ளிக்கொண்டு போனார்.

டாக்டர் மொஹாப்பி சின்ன வயதுப் பெண். எதிரில் ஒரு மஞ்சள் நோட்டுப் புத்தகம் விரித்து வைத்திருந்தார்.

“எந்தக் கைம்மா?”

மாதொகேலோ இடது கையை நீட்டினாள்.

“வலது கை!” என்றார் லெபூசா.

“ஆமா, வலது. இந்த நடுவிரல்...”

“மோதிர விரல்! என்ன நீ, உன் விரலே உனக்குத் தெரியலையா?”

“எத்தனை நாளா இருக்கு?”

“நாலு நா...”

“மூணு மாசமா!” என்றார் லெபூசா. “காலைலதான் ஜாஸ்தி டாக்டரம்மா. குளிர்ல இன்னும் மோசம். எதையாவது இறுக்கிப் பிடிச்சா மாட்டிக்கும். ஒரு தடவை கரண்டியோடயே...” என்று சொல்லிவிட்டு இருமினார். “அவ சொன்னா.”

டாக்டர் சிரிக்காமல் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார்.

“விரலை மடக்கறது ஒரு கயிறு மாதிரி ஐயா. மணிக்கட்டுலேர்ந்து விரல் நுனி வரைக்கும் ஓடுது. அது விலகாம இருக்க வழியில சின்னச் சின்ன வளையம் இருக்கும். ஏர் மாட்டுக் கயிறு வளையத்துக்குள்ள ஓடுதில்ல, அப்படி. வருஷக்கணக்குல கத்திரி மாதிரி ஒண்ணை அழுத்திப் பிடிச்சா முதல் வளையம் தடிச்சுப் போகும். கயித்துலயும் முடிச்சு மாதிரி ஒரு வீக்கம் வரும். மடக்கும்போது முடிச்சு எப்படியோ நழுவிப் போயிடும். நிமித்தும்போது வளையத்துல மாட்டிக்கும். அந்த ‘டக்’ சத்தம் அதுதான்.”

லெபூசா மூச்சுவிடாமல் கேட்டார். மூன்று மாதமாகப் பேயோ பில்லி சூனியமோ என்று குழம்பின விஷயம் கடைசியில் ஒரு கயிறும் முடிச்சும்!

“இதுக்கு என்ன பண்ணணும்?”

“கைக்கு ஓய்வு. விரலை நேரா வெச்சுக் கட்ட ஒரு பட்டை. வளையத்துக்குப் பக்கத்துல ஒரு ஊசி. முக்காவாசிப் பேருக்கு அதுலயே வீக்கம் வத்திடும்.”

“வத்தலைன்னா?”

“சின்னதா ஒரு ஆபரேஷன்.”

லெபூசாவின் முகம் வெளுத்தது. பிறகு கேட்டார். கேட்டபோது அது அவருடைய குரல் மாதிரியே இல்லை.

“விரலை எடுத்துருவீங்களா?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “ஐயா, மோதிரம் இறுகிப் போனா எதை வெட்டுவோம்? மோதிரத்தையா, விரலையா? அந்த வளையத்தை மட்டும் லேசாப் பிரிச்சு விடுவோம். அவ்வளவுதான். விரல் அங்கேயே இருக்கும். உங்களோடயே வீட்டுக்கு வரும்.”

“எனக்கு இல்ல, இவளுக்கு...”

“இந்தப் புத்தகத்துல வேற மாதிரி எழுதியிருக்கே” என்று டாக்டர் வாசித்தார். “பேரு லெபூசா. ஆண். வயசு அம்பத்திரெண்டு. தொழில் கம்பளி வெட்டறது. வலது கை மோதிர விரல். போன வியாழக்கிழமை உங்க மனைவி வந்து பதிஞ்சுட்டுப் போனது.”

லெபூசா மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். மாதொகேலோ பத்து விரலையும் மடக்கினாள். பத்தையும் நிமிர்த்தினாள். எண்ணெய் போட்டதுபோல் ஓடின.

“டாக்டரம்மா முகத்தைப் பார்த்ததுமே சரியாயிடுச்சுங்க” என்றாள்.

“போன வியாழக்கிழமை மாதர் சங்கக் கூட்டம்னு சொன்னியே!”

“நானும் மாதர், டாக்டரம்மாவும் மாதர். கூடிப் பேசினோம்.”

“என்னை மடக்கறதுக்கா?”

“இல்லைங்க. நிமித்தறதுக்கு.”

“நடக்காது!” லெபூசா துள்ளி எழுந்தார். “என் விரல்! மடங்கியே கிடக்கட்டும்! ஒன்பது விரலை வெச்சுக்கிட்டு வெட்டறேன், எவன் கேக்கறது?” கதவைப் படாரென்று திறந்தார்.

முப்பது பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். கண் ஆபரேஷன் பெரியம்மாவுக்கு ஆள் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. ஆனால் குரல் ஞாபகம் இருந்தது.

“யாரு, அந்த வீரரா? ஐயா, போர்வையை இந்தப் பக்கமா வெச்சுட்டுப் போங்க.”

லெபூசா கதவைச் சாத்தினார். உள்ளே சாத்தினாரா, வெளியே போய்ச் சாத்தினாரா என்று அவருக்கே ஒரு நிமிடம் தெரியவில்லை. உள்ளேதான் இருந்தார்.

மாதொகேலோ எழுந்து பக்கத்தில் வந்தாள். இப்போது அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

“உங்க அண்ணன் கதை எனக்குத் தெரியும். கல்யாணமான வருஷமே உங்க அம்மா சொன்னாங்க. அன்னிக்கு அவர்கூட யாருமே போகலை. என்ன பண்ணப் போறாங்கன்னு கேக்க ஆள் இல்ல. அதான் நான் முன்னாலயே வந்து ஒண்ணு விடாம கேட்டுட்டுப் போனேன். இன்னிக்கும் கூட வந்திருக்கேன்.”

லெபூசா போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“போடுங்க” என்றார். “ஆனா ஒண்ணு. நான் சம்மதிச்சதாலதான் போடறீங்க. அதைப் புத்தகத்துல எழுதுங்க.”

டாக்டர் எழுதினார். ஊசியும் போட்டார். லெபூசா கத்தவில்லை. தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. அந்தச் செருமல் கூடத்தில் முப்பது பேருக்கும் கேட்டது என்பது மற்றவர்கள் கட்சி. கையோடு ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு விரல் இப்படிப் பூட்டிக்கொள்வது அதிகமாம். இல்லை என்று தெரிந்தது.

மூன்று வாரம் கத்திரியைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். மூன்று நாளில் தொடுவேன் என்றார் லெபூசா. மாதொகேலோ ஒன்றும் சொல்லாமல் கத்திரியைச் சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டாள். சாணைக்காரர் ஊரில் இல்லை. மூன்று வாரம் கழித்துத்தான் வந்தார். அந்த மூன்று வாரமும் லெபூசா இடது கையால் களி கிண்டினார்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் காலையில் கையை விரித்தார். ஐந்து விரலும் எழுந்தன. ‘டக்’ இல்லை. மூடினார், விரித்தார். நூறு தடவை மூடி விரித்திருப்பார். யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வீடு அதிர, “நான் அப்பவே சொன்னேன், தானா சரியாகும்னு!” என்று கத்தினார்.

நவம்பரில் போட்டி நடந்தது. அவருக்கு இரண்டாம் பரிசு. விரலில் குறையில்லை, எனக்குக் கொடுத்த ஆட்டில்தான் குறை என்று நடுவரிடமே சண்டை போட்டார். அந்தச் சண்டையில் விரலை நேராக நீட்டி நீட்டிப் பேசியதை எல்லோரும் பார்த்தார்கள்.

அதனால்தானோ என்னவோ, போட்டி முடிந்ததும் கொட்டகைக்குப் பின்னால் அவரிடம் ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவராக, போர்வைக்குள் கையை வைத்துக்கொண்டு. முதலில் வந்தது பகீசோ. “எனக்குக் கட்டைவிரல்யா. அன்னிக்குக் கரண்டியைப் பார்த்தப்பவே கேக்கணும்னு நெனச்சேன்.” அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். எல்லோரும் மலையே அசந்துபோகும் கத்திரிக்காரர்கள்.

லெபூசா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். “பயப்படாதீங்க. நான் என்ன பண்ணினேன்? ஒருத்தர் சொல்லலை, ஒருத்தர் கூப்பிடலை. நானா பஸ் ஏறினேன். டாக்டர் முன்னால கையை நீட்டினேன். ‘குத்தும்மா’ன்னேன். அவ்வளவுதான்!”

“நாங்களும் போகத்தான் போறோம்” என்றார்கள் நாலு பேரும். “இந்த வருஷம் இல்ல. பாத்துக்கலாம். பொண்டாட்டிங்க காதுக்கு மட்டும் போயிடக் கூடாது.”

“என் உயிர் போனாலும் சொல்ல மாட்டேன்” என்று லெபூசா சத்தியம் செய்தார்.

வீட்டுக்கு வந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்தார். மாதொகேலோ வெயிலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

“பகீசோவுக்குக் கட்டைவிரல்தானே?” என்றாள்.

லெபூசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யாரு சொன்னா?”

“அவர் வீட்டம்மாதான். மத்த மூணு வீட்டம்மாவும் வந்திருந்தாங்க. ஆஸ்பத்திரிப் புத்தகத்துல நாலு பேர் பேரையும் பதிஞ்சாச்சு. வர்ற திங்கட்கிழமை காலைல நாலு பேருக்கும் விரல் மடங்கப் போகுது.”

“அதான் ஏற்கெனவே மடங்கியிருக்கே!”

“அவங்களுக்கு இல்லைங்க. வீட்டம்மாங்க நாலு பேருக்கும்.”

லெபூசா எழுந்தார். ஆண் இனத்துக்கே ஆபத்து! போர்வையை எடுத்துப் போட்டார். தொப்பியை மாட்டினார்.

“விட மாட்டேன்! இப்பவே போய் நாலு பேர்கிட்டயும் சொல்லப் போறேன். இது பெரிய சதி, ஏமாந்துடாதீங்கன்னு சொல்லப் போறேன்!”

“தாராளமாச் சொல்லுங்க” என்றாள் மாதொகேலோ, அவரைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல். “அப்படியே, நீங்க ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனீங்கங்கறதையும் சொல்லிட்டு வந்துடுங்க.”

லெபூசா வாசல் வரைக்கும் போனார். தொப்பியைக் கழற்றினார். பிறகு அடுப்பில் களி அடிபிடிக்கிறதா என்று பார்க்கப் போனார்.